ஆவி ஏன் கடலுக்குக் கடன்பட்டிருக்கிறது?

நுரைச்சோலை 'லக்விஜய' அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவான பங்குதான் மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி கடல்நீரோடு போய்விடுகிறது. நான் தமிழ் படிப்பிக்கிறவன். விஞ்ஞானப் பாடம் என்னுடையதல்ல. ஆனாலும் வகுப்பில் ஒரு மாணவன், "சேர், அவ்வளவு வெப்பத்தையும் கரண்டாக்காம ஏன் கடல்ல உடுறாங்க?" என்று கேட்டபோது, இது பாடநூலோடு முடிகிற கேள்வியல்ல என்று பட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்றை இயற்கையிடம் கேட்க வேண்டும், மற்றதை மனிதரிடம் கேட்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதற்கும் சரியான பதில் கிடைக்காது.

2011இல் முதல் இயந்திரத்தோடு தொடங்கிய இந்நிலையம், 2014இல் மூன்று இயந்திரங்களோடு 900 மெகாவாற் ஆனது. இதைப் போன்ற ஆவி நிலையங்களுக்கு அடிப்படை உறுப்புகள் நான்கு. கொதிகலன் நீரை ஆவியாக்கும். சுழலியை அந்த ஆவி சுற்றும். அதோடு மின்பிறப்பாக்கியும் சுற்றும். ஒடுக்கி, வேலை முடித்த ஆவியை மறுபடி நீராக்கும். பம்பி அந்த நீரைக் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பும். உள்ளே சுற்றுவது தூய்மையாக்கப்பட்ட ஒரே நீர்தான். கடல்நீர் அதோடு கலப்பதில்லை. ஒடுக்கியின் குழாய்களுக்குள் ஓடி, வெளியே நிற்கும் ஆவியின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போவது மட்டுமே அதன் வேலை.

ஆவிக்குள் எவ்வளவு வெப்பம் ஒளிந்திருக்கிறது என்பதை நம் குசினியிலேயே பார்க்கலாம். 30 பாகையிலுள்ள 1 கிலோகிராம் நீரை 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோயூல் வேண்டும். அதே நீரை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,260 கிலோயூல் வேண்டும். கேத்தல் கொதிக்கிற நேரத்தைவிட, கொதித்த தண்ணீர் வற்றித் தீருகிற நேரம் ஏழெட்டு மடங்கு நீளுவது இதனால்தான். இதை மறைவெப்பம் என்கிறோம். ஆவி மறுபடி நீராகும்போது இந்த வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இடியப்பச் சட்டியின் மூடியைத் திறக்கையில் கையில் படும் ஆவி, கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான்.

அப்படியானால் ஆவியை ஏன் நீராக்க வேண்டும்? வெப்பத்தோடேயே கொதிகலனுக்குத் திருப்பினால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒடுக்கியில், 40 பாகையளவில், 1 கிலோகிராம் ஆவி ஏறத்தாழ 19 கன மீற்றர் இடம் பிடிக்கும். நீரானால் அது 1 லீற்றர்தான். இந்தச் சிறிய கனவளவைக் கொதிகலனின் உயர் அமுக்கத்துக்குள் தள்ளச் சுழலி தரும் வேலையில் மிகச் சிறு பங்கு போதும். ஆவியாகவே அமுக்கித் தள்ளப்போனால், சுழலி தந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்தாலும் காணாது.

ஒடுக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிளாஸ்டிக் போத்தலுக்குள் சுடுநீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, உடனே மூடி ஆறவிட்டுப் பாருங்கள். போத்தல் சப்பளிந்து போகும். உள்ளேயிருந்த ஆவி நீராகி இடம் வெறுமையாவதே காரணம். ஒடுக்கியிலும் இதே வெறுமைதான் உண்டாகிறது. அங்கே அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தில் பத்திலொன்றுக்கும் கீழே இறங்கும். ஆகவே சுழலியின் ஒருபக்கம் ஆவி தள்ளுகிறது, மறுபக்கம் வெறுமை இடம் கொடுக்கிறது.

ஆவியால் சுழலும் கருவி புதிதல்ல. திமிஷ்கில் பிறந்த அறிஞர் தகியுத்தீன், 1551இல் எழுதிய நூலில், இறைச்சி வாட்டும் கம்பியை ஆவியால் சுழற்றும் பொறியை விவரித்திருக்கிறார். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அதில் ஆவி காற்றோடு போய்விடும், ஒடுக்கி இல்லை. 1769இல் ஜேம்ஸ் வாற் காப்புரிமை பெற்ற தனி ஒடுக்கிதான் ஆவி இயந்திரத்தின் எரிபொருள் செலவைப் பெருமளவு குறைத்தது.

ஏன் இப்படி என்பதை விளக்க வழிகாட்டியவர் பிரான்ஸ் நாட்டு இளைஞர் சாடி கார்னோ. 1824இல் வெளியிட்ட சிறு நூலில், வெப்பம் வேலை செய்வதை நீர்வீழ்ச்சிக்கு ஒப்பிட்டார். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழுந்தால்தான் நீர் சில்லைச் சுற்றும். அதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கினால்தான் வெப்பம் வேலை செய்யும். பள்ளம் இல்லாமல் வீழ்ச்சி இல்லை. கடல்தான் நுரைச்சோலையின் பள்ளம்.

கணக்கும் எளிது. இந்த அளவு இயந்திரங்களில் ஆவி வழக்கமாக 540 பாகையளவில் சுழலிக்குள் நுழையும். அது 813 கெல்வின். ஒடுக்கி 40 பாகை என்றால் 313 கெல்வின். 313ஐ 813ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால், எந்தக் கெட்டிக்காரனாலும் தாண்ட முடியாத எல்லை வரும்: ஏறத்தாழ 61 சதவீதம். நீர் வெப்பத்தின் பெரும்பகுதியை 540 பாகைக்கு மிகக் கீழேயே வாங்கிக்கொள்வதால் எல்லை இன்னும் இறங்கும். புகைபோக்கியால் போவது, உராய்வு, நிலையத்தின் சொந்தப் பாவனை எல்லாம் கழிந்தால் மிஞ்சுவது 40 சதவீதத்துக்கும் குறைவு. கெரவலப்பிட்டியில் வாயுச் சுழலியின் சூட்டுப் புகையைக் கொண்டே மறுபடி ஆவி உண்டாக்குகிறார்கள், வினைத்திறன் கூடும். அங்கும் ஒடுக்கி இல்லாமல் முடியாது.

ஒரு இயந்திரம் 300 மெகாவாற் மின்சாரம் தரும்போது 400 மெகாவாற்றுக்குக் குறையாத வெப்பம் கடலுக்குப் போகும். கடல்நீர் 8 பாகை சூடேறலாம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், விநாடிக்கு 12,000 லீற்றர் நீர் ஓட வேண்டும். விநாடிக்கு ஒரு தண்ணீர் பவுசர் என்று சொல்லலாம்.

ஆக, இயற்கையிடம் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: நிலக்கரியை எரித்து ஆவியால் மின்சாரம் எடுப்பதென்றால், வெப்பத்தில் பெரும்பங்கை எங்காவது விட்டே ஆகவேண்டும். அது யாருடைய கவலையீனமும் அல்ல.

ஆனால் எத்தனை பாகைச் சூட்டோடு விடுவது, மீன் குஞ்சு வளரும் ஆழமில்லாத கரையிலா, தள்ளி ஆழத்திலா விடுவது என்பதெல்லாம் மனிதர் எடுக்கும் முடிவு. சாம்பலும் கரித்தூசியும் அப்படித்தான். தென்மேற்குப் பருவக்காற்றில் கரிக்குவியலின் தூசி தோட்டங்களில் படிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நனைக்கலாம், மூடலாம், மறிக்கலாம். புகையிலுள்ள சாம்பலை நிலைமின் வடிகட்டியால் பிடித்துச் சீமெந்துக்குக் கொடுக்கலாம்.

அனல் நிலையம் பற்றி ஊரில் கூட்டம் நடந்தால், "ஏன் கடலைச் சூடாக்குகிறீர்கள்?" என்று கேட்பவரை, விதியைக் காட்டிப் பொறியியலாளர் இலகுவாக வாயடைத்துவிடுவார். "எத்தனை பாகை, எந்த இடத்தில், யார் அளக்கிறார்கள், அந்த அளவைகளை நாங்கள் எங்கே பார்க்கலாம்?" என்று கேட்டால் அப்படி வாயடைக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதற்கு, தமிழாசிரியனும் கொஞ்சம் வெப்பவியக்கவியல் படிக்கத்தான் வேண்டும்.