ரைன் மலையிடுக்கில் மிதிவண்டி: எந்தக் கரையில் செல்வது?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனிக்குச் செல்லும் நண்பர்கள் விடுமுறை கிடைத்ததும் ரயிலேறிப் பெரிய நகரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அவர்களுக்கும், என்றாவது அங்குச் செல்ல எண்ணியிருப்பவர்களுக்கும் இன்னொரு வழியைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பிங்கன் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை ரைன் நதி மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. இரு பக்கமும் செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள், அவற்றுக்கு மேலே கோட்டைகள். 2002இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றோரமாகவே மிதிவண்டிப் பாதை உண்டு.

இதன் நீளம் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிரம்பான் செல்லும் தூரம்தான். காலையில் கிளம்பினால் மாலைக்குள் முடித்துவிடலாமே, எதற்கு மூன்று நாள் என்று கேட்கலாம். மலையிடுக்கில் தூரம் ஒரு பொருட்டே அல்ல. ஆற்றைக் கடப்பதுதான் கணக்கு. மைன்ஸ் நகரை விட்டால் கோப்லென்ஸ் வரும்வரை ரைன் மீது ஒரு பாலம்கூட இல்லை. 1814 புத்தாண்டில் நெப்போலியனைத் துரத்திச் சென்ற ப்ளூஷரின் படை கௌப் என்னும் ஊரில் மிதவைப் பாலம் அமைத்துத்தான் கடந்தது. இன்று பிங்கனுக்கும் போப்பார்டுக்கும் இடையே ஐந்து இடங்களில் பெர்ரி ஓடுகிறது. மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் இரவெல்லாம் ஓடாது. கடைசிப் படகைத் தவறவிட்டால் எதிர்க்கரையில் தெரியும் உங்கள் விடுதியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

பாலம் கட்டும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அன்றாடம் படகை நம்பியிருக்கும் உள்ளூர் மக்களுக்கு அது தேவை. ஆனால் ட்ரெஸ்டன் நகரின் எல்பே பள்ளத்தாக்கு, அங்கே எழுந்த பாலத்தினால் 2009இல் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆகவே முதலில் கரையை முடிவு செய்யுங்கள். நீரோட்டத்தின் திசையில் பார்த்து இடக்கரை, வலக்கரை என்பார்கள். இடக்கரையில் பாதை சீரானது. வலக்கரையில் சில பகுதிகளில் அது நெடுஞ்சாலையோடு சேர்ந்துவிடும். மேலும், ஏறக்குறைய 130 மீட்டர் உயர லோரலைப் பாறை வலக்கரையில் இருப்பதால் அதன் முழு உருவமும் இடக்கரையிலிருந்துதான் தெரியும். என்னைக் கேட்டால் இரண்டு நாள் இடக்கரை, மூன்றாம் நாள் வலக்கரை என்பேன்.

முதல் நாள் மைன்ஸிலிருந்து பாகராக் வரை சுமார் 45 கிலோமீட்டர். இதுவே நீண்ட நாள். பாதை சமதளம் என்பதால் புதியவர்களும் சமாளிக்கலாம். பாகராக்கில் ஷ்டாலெக் கோட்டையே இளைஞர் விடுதியாக இயங்குகிறது. மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் கோட்டை வாசம் வேறெங்கே கிடைக்கும்! மேலே செல்லும் வழி மட்டும் செங்குத்து, களைத்த கால்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் போப்பார்ட் வரை 27 கிலோமீட்டர்தான். கௌப் அருகே ஆற்றின் நடுவில், கப்பல்களிடம் சுங்கம் வசூலித்த பழைய கோட்டை கப்பலைப் போலவே நிற்கும். லோரலையும் இன்றுதான். மாலையில் நேரமிருந்தால் போப்பார்டில் தொங்கு நாற்காலியில் ஏறி, ரைன் வளைந்து திரும்புவதை மேலிருந்து பார்க்கலாம்.

மூன்றாம் நாள் காலை பெர்ரியில் வலக்கரைக்குச் சென்று ப்ரௌபாக்கில் மார்க்ஸ்புர்க் கோட்டையைப் பாருங்கள். இந்த இடுக்கிலுள்ள மலைக்கோட்டைகளில் என்றுமே அழிக்கப்படாதது இதுவே. பிறகு பாலத்தில் கோப்லென்ஸ் சேரலாம்.

குழுவாகச் செல்வோர் வேகமாக மிதிப்பவரை வைத்துத் திட்டமிடக் கூடாது. கடைசியாக வருபவர் எத்தனை மணிக்குப் படகுத் துறையை அடைவார் என்பதே கணக்கு. அவருக்கு முடியாமல் போனாலும் கவலையில்லை. இரு கரைகளிலும் ரயில் தடம் உண்டு, வட்டார ரயில்களில் மிதிவண்டியை ஏற்றலாம். பழுதுபார்ப்புக்காகத் தடத்தை மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு, கிளம்புமுன் விசாரித்துவிடுங்கள். சரக்கு ரயில்கள் இரவிலும் ஓடுவதால் தடத்தை ஒட்டிய அறையில் தூக்கம் வராது.

மே முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை வாணவேடிக்கை விழா, செப்டம்பரில் திராட்சை அறுவடை. அப்போது அறை கிடைப்பது அரிது. 2029இல் இங்கு நடக்கவிருக்கும் தேசியத் தோட்டக்கலைக் கண்காட்சிக்கும் பெருங்கூட்டம் வரும். வெள்ளம் வந்தால் கரையோரப் பாதை மூழ்கும். வறட்சியும் உண்டு: 2018 அக்டோபரில் கௌப் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டருக்கு இறங்கிச் சரக்குக் கப்பல்கள் தவித்தன.

நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், அங்கே வலப்பக்கம். பாதையில் தவறாவிட்டாலும் ஊருக்குள் சந்திகளில் திரும்பும்போது கை தானாகப் பழைய பக்கம் போகும். முதல் நாள் முழுவதும் ஒருவர் முன்னால் சென்று நினைவூட்டுவது நல்லது.

திரும்பும்போது கோப்லென்ஸிலிருந்து மைன்ஸ் செல்லும் இடக்கரை ரயிலைப் பிடியுங்கள். ஒன்றரை மணி நேரப் பயணம். இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான்.