பார வண்டியின் நோயை முதலில் அறிபவர் ஓட்டுநரே

தோட்டத்தில் எவ்வளவு பாடுபட்டாலும், காய் நேரத்தோடு சந்தை போய்ச் சேர்ந்தால்தான் கையில் காசு. இன்று பல ஊர்களில் உழவர் குழுக்களும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சொந்தமாகவே பார வண்டி வாங்கி ஓட்டுகின்றன. ஆனால் வாங்கும்போது காட்டும் அக்கறையை, அதைப் பேணுவதில் பலர் காட்டுவதில்லை.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வெளியே உள்ள ஒரு டீக்கடையில், சரக்கு இறங்கும் வரை ஓட்டுநர்கள் கூடிப் பேசுவது வழக்கம். அண்மையில் நானும் அங்கே சிறிது நேரம் அமர்ந்து கேட்டேன்.

"எங்க முதலாளிகிட்ட நாலு வண்டி. நல்லா ஓடுற வண்டிக்குப் புது டயர். பிரேக் சத்தம் போடுற என் வண்டிக்குப் புதுப் பெயிண்ட்!" என்றார் ஒருவர்.

"அது பரவாயில்லண்ணே. எனக்குப் புது டயரைப் பின்னாடி போட்டுட்டு, ரீட்ரெட் டயரை முன்னாடி மாட்டிட்டாங்க. லோடு பின்னாடிதானே இருக்குன்னு கணக்கு" என்றார் மற்றொருவர்.

எல்லோரும் சிரித்தனர். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கைக்குள் நிற்காது. ஆகவே நல்ல டயர் முன்னால்தான் இருக்க வேண்டும்.

உரிமையாளர்கள் ஏன் இப்படி முடிவு செய்கிறார்கள்? கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் பணம் எளிதில் வெளியே வரும். உள்ளே இருக்கும் கோளாறு கண்ணில் படாது. ஓட்டுநர் குறை சொன்னால், 'வேலைக்குச் சோம்பல்' என்று நினைப்பவர்களும் உண்டு. ஓட்டுநர்கள் பக்கமும் தவறு இல்லாமல் இல்லை. பேட்டாவில் பிடித்து விடுவார்களோ என்று பயந்து கோளாறை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் உழவர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தேன். "ரேடியேட்டர்ல தண்ணி அடிக்கடி குறையுதுங்கய்யா" என்று அவர்களுடைய ஓட்டுநர் இரண்டு முறை சொன்னார். தார்ப்பாய் வாங்கும் செலவு முன்னால் நின்றதால், "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று நான்தான் சொன்னேன். சித்திரை வெயிலில், பாதி வழியில், 70 பெட்டித் தக்காளியோடு வண்டி நின்றது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. மாற்று வண்டி வந்து சேர்வதற்குள் அடிப்பெட்டிப் பழங்கள் கசிந்துவிட்டன. ஐந்து குடும்பங்களின் ஒரு பறிப்பு அது. அந்த ஓட்டுநர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கவனிக்க வேண்டியவை

தண்ணீர்: ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். கம்பெனி குறிப்பிட்ட கூலன்டையே பயன்படுத்த வேண்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. அளவு திரும்பத் திரும்பக் குறைந்தால் எங்கோ கசிவு உண்டு என்று பொருள். மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது வைத்தியம் ஆகாது.

ஆயில்: வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் கழித்துக் குச்சியால் அளவு பார்க்க வேண்டும். டீசல் இன்ஜின் ஆயில் விரைவில் கறுப்பது இயல்பே. பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

டயர்: ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றுப் பாருங்கள். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு. பின்புறம் இரட்டை டயர் உள்ள வண்டிகளில் ஒன்றில் காற்று இறங்கினால், முழுப் பாரமும் மற்றதன் மேல் விழும்.

யூரியா: 1.4.2020 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 விதி வந்தபின், பெரிய டீசல் லாரிகள் பலவற்றில் புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் யூரியாக் கரைசல் ஊற்றப்படுகிறது. இதில் 32.5 சதம் தூய யூரியா; மீதி, உப்பு நீக்கிய நீர். 'நம்ம வயலுக்குப் போடும் யூரியாவையே கரைத்து ஊற்றினால் என்ன?' என்று கேட்கும் உரிமையாளர்கள் இருப்பதாக ஓட்டுநர்கள் சொன்னார்கள். கூடவே கூடாது. வயல் யூரியா வேப்பெண்ணெய் பூசப்பட்டது. வேறு கலப்புகளும் உண்டு. அவை குழாயை அடைத்து, புகை சுத்திகரிக்கும் கருவியையே கெடுத்துவிடும். மிச்சம் பிடிக்கப் போய்ப் பெருஞ்செலவில் முடியும். மேலும், மானிய யூரியாவை வேறு உபயோகத்துக்குத் திருப்புவது 1985 ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். உங்கள் பயிருக்கு உரியதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வண்டியில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஓட்டுநர் சொன்ன குறை, அதற்குச் செய்த வேலை என நான்கு கட்டம் போதும். வாரம் ஒருமுறை குழுவின் பொறுப்பாளர் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். ஒரே குறை இரண்டாம் முறை எழுதப்பட்டால், அடுத்த நடைக்கு முன் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டு விடுங்கள். குறை சொன்னதற்காக ஓட்டுநரின் பேட்டாவில் கை வைக்கக் கூடாது. ஒவ்வொரு நடை வாடகையிலும் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்து வைத்தால், 'அடுத்த மாதம்' என்ற பேச்சுக்கு இடமிராது.

வாடகை வண்டி பிடிப்பவர்கள் பெட்டி ஏற்றுவதற்கு முன் முன் டயரையும், வண்டிக்கு அடியில் சொட்டும் ஈரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். "வண்டி எப்படி இருக்கு தம்பி?" என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.

மாடு தீனி எடுக்கவில்லை என்றால் மேய்ப்பவருக்குத்தான் முதலில் தெரியும். வண்டியும் அப்படியே.