குழந்தையின் கண் பிதுங்குகிறதா? காத்திருக்க வேண்டாம்



குழந்தையின் கண் இமை வீங்கினால் நாம் பெரும்பாலும் பயப்படுவதில்லை. கண்கட்டி என்போம், கீழே விழுந்ததில் அடிபட்டிருக்கும் என்போம், கண்ணேறு என்று ஓதி ஊதுவோம். பெரும்பாலான வீக்கங்கள் சில நாட்களில் வடிந்தும் விடும். வடியாமல் நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கத்தை மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது.

கண் அமர்ந்திருக்கும் எலும்புக் குழிக்குள் அரிதாக ஒரு புற்றுக்கட்டி வருவதுண்டு. அதன் பெயர் ராப்டோமயோசார்கோமா. தசையாக வளர வேண்டிய இளம் செல்கள் முதிராமலேயே கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் இது உருவாகிறது. பெரும்பாலும் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. இது தொற்றுநோய் அல்ல. கீழே விழுந்ததாலும் வருவதில்லை. தாயின் கவனக்குறைவாலும் வருவதில்லை.

கவனிக்க வேண்டியவை:

• ஒரு கண் மட்டும் முன்னே தள்ளுவது, அல்லது கீழே இறங்கித் தெரிவது
• இமை வீங்குவது, தொங்குவது
• பார்வை இரண்டாகத் தெரிவது, புதிதாக மாறுகண் வருவது

இவை சில நாட்களில், சில வாரங்களில் அதிகமாகும். பல குழந்தைகளுக்கு வலியே இருக்காது. வலியில்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் தடவுவது, மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுவது எல்லாம் நாட்களை வீணாக்கும். உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர் ஸ்கேன் எடுப்பார். கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார். “கத்தி வைத்தால் பரவிவிடும்” என்று அஞ்சி இதைத் தடுக்க வேண்டாம். எந்த நோய் என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை தொடங்க முடியும்.

ஒரு காலத்தில் இந்நோய்க்குக் கண்ணையே எடுத்துவிடுவார்கள். இன்று கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவற்றால் பெரும்பாலும் கண்ணைக் காப்பாற்ற முடிகிறது. கண்குழியைத் தாண்டிப் பரவுவதற்கு முன் முறையான சிகிச்சை கிடைத்தால், பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். சிகிச்சை பல மாதங்கள் நீளும். வீக்கம் குறைந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்ப வரக்கூடும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. காப்பீட்டு அட்டை பற்றிய உதவிக்கு நமது அறக்கட்டளை அலுவலகத்தை அணுகலாம்.

பிள்ளைகளுக்காக துஆ செய்வோம். அன்றைக்கே மருத்துவரிடமும் காட்டுவோம்.