சாவி எங்கே இருக்கிறது?

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் நாத்தனார் போன மாதம் பதறிக்கொண்டு போன் செய்தாள்.

"அண்ணி, கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் குடுத்தனுங்க. கடைக்காரத் தம்பி பாஸ்வேர்ட் கேட்டாரு, சொல்லிப்போட்டேன். பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அதுக்குள்ளதானே இருக்குதுன்னு இவரு சத்தம் போடறாருங்க!"

உடனே வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். நல்லவேளை, எதுவும் பறிபோகவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. பீரோ சாவியை அரிசிப் பானையில் வைப்பதா, சாமி படத்துக்குப் பின்னால் வைப்பதா என்று நாம்தானே முடிவு செய்கிறோம்? பாஸ்வேர்டைச் "சேமிக்கட்டுமா?" என்று திரை கேட்டால் மட்டும், எங்கே என்று கேட்காமலே "சரி" என்று தட்டிவிடுகிறோமே!

அது எங்கே போகிறது தெரியுமா? விண்டோஸ் கம்ப்யூட்டரில் குரோம் அதைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டு திறப்பது விண்டோஸ் பாஸ்வேர்டுக்கு. அதைச் சொல்லிவிட்டால் சேமித்த அத்தனையையும் பார்த்துவிடலாம். என் நாத்தனார் விஷயத்தில் நடந்ததும் இதுதான்.

ஃபயர்பாக்ஸில் இதற்கு ஒரு வழி உண்டு. அமைப்புகள் பகுதியில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' ஒன்று வைத்துக்கொண்டால், அதைச் சொன்னால்தான் மற்றவை திறக்கும். வாசல் கதவுக்கு ஒரு சாவி, பீரோவுக்கு வேறு சாவி என்று வைத்துக்கொள்வது போல!

2011-ல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பல பிள்ளைகளுக்குக் கிடைத்த கணினிகளில் 'பாஸ் லினக்ஸ்' இருந்தது ஞாபகமிருக்கிறதா? லினக்ஸில் பாஸ்வேர்டுகளுக்கென்றே 'கீரிங்' என்ற சாவிக்கொத்து உண்டு. தனி பாஸ்வேர்ட் போட்டுத் தனிக் கொத்தே ஏற்படுத்திக்கொள்ளலாம்.

வைக்கும் இடத்தையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் 'கீபாஸ்' இருக்கிறது. 2003-ல் வந்தது, கட்டணம் கிடையாது. எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே கோப்பில் பூட்டித் தருகிறது. அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் வைப்பதோ, பென் டிரைவில் வைப்பதோ நம் இஷ்டம்.

இடம் நம்முடையது என்றால் பொறுப்பும் நம்முடையதுதான். பென் டிரைவ் தொலைந்தால்? இன்னொரு பிரதி பீரோவில் இருக்கட்டும். பிரதான பாஸ்வேர்ட் மறந்தால்? அதைச் செய்தவர்களாலும் திறந்து தர முடியாது! ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, நகைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பென் டிரைவோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

வீட்டில் இன்னொருவருக்கும் கவர் இருக்குமிடம் தெரிய வேண்டும். லாரியோடு வடக்கே போகிறவர் திரும்பப் பல நாளாகும் வீடுகள் நம் சேலம், நாமக்கல் பக்கம் எத்தனை! கரண்ட் பில்லும் ஸ்கூல் ஃபீஸும் அதுவரை காத்திருக்குமா?

என் நாத்தனார் இப்போது கீபாஸுக்கு மாறிவிட்டாள். பிரௌசரில் முன்பு சேமித்தவற்றை அழித்தும் விட்டாள். இதை மறந்தால் மாறியதில் பயனில்லை. போன வாரம் கம்ப்யூட்டர் மறுபடி ரிப்பேருக்குப் போயிற்று.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க அண்ணி? பெட்டிதானே போச்சு, சாவி எங்கிட்ட இருக்குதுங்க!" என்று சிரித்தாள்.