கண்மாயை ஆழப்படுத்தினால் வயலுக்குத் தண்ணீர் கூடுமா?

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தப்போ எங்க கண்மாயை பொக்லைன் வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். "இன்னும் ஒரு ஆள் ஆழம் போனா ரெண்டு போகம் நிச்சயம்" என்றார் சித்தப்பா. எனக்கும் சரியென்றே பட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இடித்தது.

ராமநாதபுரம் பக்கம் வருஷ மழை சுமார் 800 மி.மீ. பெரும்பகுதி அக்டோபர்–டிசம்பரில் கொட்டித் தீர்ந்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் கண்மாய். மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அதாவது, மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கிற தண்ணீர் மட்டும்தான் இறங்கும். அதற்குக் கீழே ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் தோண்டினால் 10,000 கன மீட்டர் கூடுதலாக நிற்கும். ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தால் ஒழிய வயலுக்கு வராது. இன்னும் மோசம், மழை குறைந்த வருஷத்தில் முதலில் அந்தப் பள்ளம் நிரம்பணும், அப்புறம்தான் மடைக்கே எட்டும்.

ஆழம் வீண் என்று சொல்லவில்லை. ஆடு மாட்டுக்கு, மீனுக்கு, பக்கத்துக் கிணற்று ஊற்றுக்கு நல்லது. நெல்லுக்கு என்றால் மடைமட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை அள்ளணும், வரத்துக்கால்வாயைச் சரிபண்ணணும். கலுங்கை உயர்த்தலாமே என்றால், மேலே பட்டா நிலம் மூழ்கும், கீழ்க் கண்மாய்க்காரன் சண்டைக்கு வருவான்.

சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப மடையைக் கீழே இறக்கிப்புட்டா?" என்றார். இறக்கலாம், வயல் அதைவிடத் தாழ்வாக இருந்தால். எங்க வயல் அப்படி இல்லை.