தூணின்றி நிற்கும் பால்கனி

மாடி வீட்டின் சுவரிலிருந்து பால்கனி வெளியே நீண்டு நிற்கிறது. கீழே தூண் ஒன்றும் இல்லை. அது விழாதிருப்பது எவ்வாறு?

நீண்ட ரப்பர் துண்டொன்றை ஒரு முனையில் இறுகப் பிடித்து, மறுமுனையை மெல்ல அழுத்திப் பார்ப்போம். மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் நெருக்கப்படுகிறது. பால்கனியிலும் இதுவே நிகழ்கிறது. கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும். இழுத்தாலோ எளிதில் விரிசல் விடும். இழுப்பைத் தாங்கவல்லது எஃகு. ஆதலால் பொறியியலார் பால்கனியின் முக்கியக் கம்பிகளை மேற்பக்கமாக வைத்து, கட்டடத்தின் உள்ளேயும் போதிய நீளம் செலுத்துகின்றனர். கான்கிரீட் போடும்போது அக்கம்பிகள் மிதிபட்டுத் தாழ்ந்துவிட்டால் பால்கனியின் வலிமை குன்றும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேல், பிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக் கலைஞர் 1930களில் அமைத்த 'ஃபாலிங்வாட்டர்' இல்லம் உலகப் புகழ் பெற்றது. கம்பி போதாமையால் அதன் நீண்ட மாடத்தின் நுனி காலப்போக்கில் சுமார் 7 அங்குலம் தாழ்ந்தது. 2002இல் தரைக்கு அடியில் எஃகு வடங்களைப் பொருத்தி, இறுக்கி இழுத்துக் கட்டி, மேலும் தாழாமல் காத்தனர்.

நீரும் ஒரு பகையே. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஈரத்தால் இற்றுப்போன மரச்சட்டங்கள் முறிந்து பால்கனி சரிந்ததில் இளைஞர் 6 பேர் மாண்டனர். அடுக்குமாடிப் பால்கனிகளைக் காலந்தோறும் சோதிக்க அம்மாநிலம் 2018இல் சட்டம் இயற்றியது. நீர் புகுந்தால் எஃகும் துருப்பிடிக்கும்.

ஆகவே பால்கனியில் விரிசலோ துருக்கறையோ கண்டால், நாம் அங்கே நில்லாமல் பெரியோரிடம் உடனே கூறுவோம்.