குழவியின் அழுகை

பிறந்த குழவி அழாவிட்டால் நாம் அஞ்சுகிறோம். சில நாட் செல்ல, அஃது ஓயாது அழுதாலும் அஞ்சுகிறோம். நறுவிலிக்குளம் போன்ற மன்னார்க் கரையூர்களிலே, கணவன் இரவுத் தொழிலுக்குக் கடல்மேற் சென்றுவிட, தலைப்பிள்ளையை மடியிலே கிடத்தி விழித்திருக்கும் இளந்தாய்க்கு இவ்வச்சம் பெரிது. “பால் காணாது போலும்” என்பார் ஒருவர். “நாவூறு பட்டுவிட்டது” என்பார் மற்றொருவர். இவர்களுக்கு நடுவே, “நான் நல்ல தாய் அல்லேனோ?” என்று அவள் உள்ளம் குமைகிறது. அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலாவதாக நாம் அறிய வேண்டியது, அழுகைக்கும் ஒரு வளர்ச்சி உண்டு என்பதாகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மாரைக் கொண்டே குறித்துவரச் செய்து, அதன் முடிவை 1962ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரண்டாம் வாரத்திலிருந்து கூடிச் செல்லும் அழுகை, ஆறாம் வார அளவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் என்னும் உச்சத்தை அடைந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்ததாக அவர் கண்டார். அதிலும் மாலைப் பொழுதிலேயே அழுகை மிகுதி. ஆகவே, நன்றாகப் பால் குடித்து வளரும் குழந்தை அந்தியில் அழுவது தாயின் குற்றமன்று, பருவத்தின் இயல்பு.

அழுகை கேட்டதும் காரணத்தை ஒழுங்காகத் தேடுதல் வேண்டும். பசியா, ஈரத் துணியா, வெக்கையா, தூக்கமா, வயிற்றில் காற்றா? பசித்த குழந்தை அழுமுன்னரே வாயைத் திறந்து தலையைத் திருப்பும், கைமுட்டியைச் சூப்பும். அக்குறிப்பிலேயே பாலூட்டினால் அழுகை பாதி குறையும். நம் கரையோர வெக்கையிலே குளிருக்கு அஞ்சிப் பல துணிகளைச் சுற்றுவதும் அழுகைக்குக் காரணமாகலாம்.

“பால் காணாது” என்ற சொல்லை மட்டும் எளிதில் ஏற்றுக்கொள்ளலாகாது. முதல் வாரம் கழிந்தபின், குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, நிறையும் ஏறிவருமாயின் பால் போதுகிறது என்பதே பொருள். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பாலே உணவு; நீரும் சீனித் தண்ணீரும் வேண்டியதில்லை. ஒரு வயதுக்குள் தேனை நாவிலும் தடவலாகாது. அதனால் கொடிய நச்சுநோய் உண்டாகக்கூடும்.

இனி, ஆற்றும் முறையைப் பார்ப்போம். தூக்கித் தூக்கிப் பழக்கினால் பிள்ளை கெட்டுவிடும் என்பது பலர் கருத்து. ஆனால், முதல் மாதங்களில் அழுகைக்கு உடனுக்குடன் இணங்கிய தாய்மாரின் பிள்ளைகள் பின்னர் குறைவாகவே அழுதன என்று பெல், அயின்ஸ்வர்த் என்னும் ஆய்வாளர் இருவர் 1972இல் எழுதினர். ஜப்பானிலே குமி குரோடாவின் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு நடைமுறைக்கு மிக எளியது: அழும் பிள்ளையை மார்போடணைத்து ஐந்து நிமிடம் சீராக நடக்க வேண்டும், உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம்வரை அணைத்தபடியே அமர்ந்திருந்து, பின்னரே படுக்கையில் மல்லாத்திக் கிடத்த வேண்டும். முற்றத்திலே பிள்ளையைத் தோளிற் சாய்த்து, ஓராட்டுப் பாடி உலாவிய நம் பாட்டிமார் இதனை ஏட்டிற் படித்தவர் அல்லர், அனுபவத்தால் அறிந்தவர்.

எல்லாம் செய்தும் அழுகை ஓயாத இரவுகள் வரும். அப்பொழுது தாய்க்கோ தந்தைக்கோ சினம் மூளுவதும் மனித இயல்பே. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: எக்காரணத்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கலாகாது. அதன் கழுத்து வலுவற்றது. ஒருகணத்து உலுக்கலால் மூளையில் இரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போகலாம். கை நடுங்குகின்றது என்று உணர்ந்தால், பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாத்திக் கிடத்திவிட்டு, சில நிமிடம் வெளியே நின்று மூச்சு வாங்குங்கள், அயலவரை அழையுங்கள். அழுவதனால் பிள்ளைக்கு அந்தச் சில நிமிடத்தில் தீங்கு நேராது.

பொறுத்திருக்கலாகாத அழுகையும் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியசு அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், பால் குடியாமை, பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், உச்சிக்குழி புடைத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணினும் நாவூறு கழித்துக்கொண்டிராமல் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

களுத்துறையிலே 1926ஆம் ஆண்டில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, மருத்துவமாதரை வீடுதேடிச் செல்ல வைத்த நாடு நம்முடையது. இன்றும் குடும்பநல உத்தியோகத்தர் நம் படலையைத் திறந்து வருகின்றார். அவரிடம் பிள்ளையின் நிறையை மட்டும் கேட்டு நில்லாமல், “எனக்கு உறக்கமில்லை, மனம் சோர்ந்து அழுகை வருகின்றது” என்பதையும் தாய் கூச்சமின்றிச் சொல்லல் வேண்டும். கடலிலிருந்து திரும்பிய கணவனும், வலையை உலர்த்தி இளைப்பாறியபின், ஒரு மணி நேரம் பிள்ளையை ஏந்தித் தாயை உறங்க விடுவானாக.

பிள்ளையின் அழுகை நம்மீது சாட்டப்படும் குற்றமன்று. அது நம்மை அழைக்கும் அழைப்பு. அழைப்புக்குச் செவிசாய்த்து அருகே நிற்பவள் நல்ல தாயே.